பென்னாகரத்து டீக்கடை பெஞ்சில் ஒரு முற்பகல்

ஒகேனக்கல் போகிற வழியில் எங்கே சாப்பிடலாம் என்று சிலர் கேட்டு எழுதியிருந்தார்கள். இன்றைய கடைகளைப் பற்றிச் சொல்ல என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் அந்தப் பாதையில் முதன்முதலாகப் போன கதையைச் சொல்கிறேன். என்ன சாப்பிட்டேன் என்பதும் அதற்குள்ளேயே வரும்.

1971, மாசி மாதம். எனக்குத் திருமணமாகி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவள், வாழ்க்கைப்பட்டது தருமபுரிக்கு. கணவர் மாதையன் அங்கே ஓர் அலுவலகத்தில் எழுத்தர். அவர், மாமியார், நான் என்று வீட்டில் மூன்றே பேர். கல்யாணத்துக்கு எடுத்த விடுப்பில் ஒரு நாள் மிச்சமிருந்தது. "ஒகேனக்கல் பாத்ததில்லன்னு சொன்னியாமே, போலாமா?" என்று கேட்டார். அந்த இரண்டு வாரத்தில் அவர் என்னிடம் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். நான் அதைச் சொன்னது அவரிடம்கூட இல்லை, மாமியாரிடம்.

காலை ஏழரை மணிக்குத் தருமபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தோம். பெண்களோடு வருகிறவர்களுக்கென்று பலகைத் தடுப்பு வைத்து, அழுக்குப் பச்சைத் திரை போட்டு ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார்கள். 'பேமிலி ரூம்' என்று பெயர். பரிமாறுகிறவர் வந்து மூச்சு விடாமல் பலகாரப் பெயர்களை ஒப்பித்தார். இவர் என் முகத்தைப் பார்க்காமலே, "ரெண்டு இட்லி, ஒரு ரோஸ்ட், ரெண்டு காபி" என்றார். ரோஸ்ட் எனக்கு.

ரோஸ்ட் நன்றாகத்தான் இருந்தது. ஓரமெல்லாம் முறுகல், நடுவில் நெய் மணம். ஆனால் எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். ஒரு ஆண்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து வாயைத் திறந்து மெல்லுவது எனக்குப் பழக்கமில்லாத காரியம். பாதி ரோஸ்டை இலையிலேயே வைத்துவிட்டேன். காபியிலும் இரண்டு வாய்தான் இறங்கியது. பிறந்த வீட்டில் எல்லோரும் டீ குடிக்கிறவர்கள். அவர் என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வீணாக்குகிறாளே என்று கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் நினைவு சரியாக இருந்தால் ரோஸ்ட் நாற்பது பைசா, இட்லி பத்து, காபி இருபது.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் நாற்பத்தாறு கிலோமீட்டர். இண்டூர் வழியாகப் பென்னாகரம், அங்கிருந்து காட்டுப் பாதையில் இறக்கம். அன்றைக்குப் பென்னாகரத்தில் சந்தை. பஸ்ஸில் கூடைகளும் கோழிகளுமாக நிற்க இடமில்லை. பெண்களெல்லாம் முன்னால், ஆண்களெல்லாம் பின்னால். பையும் பணமும் அவரிடம். அவர் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தாலும் தெரியவில்லை.

பென்னாகரத்தில் பஸ் நின்றதும் என் பக்கத்தில் இருந்த பெண்மணி சந்தைக்கு இறங்கினார். நான் நெளிவதைப் பார்த்து அவரே, "ஒதுங்கணுமா? வா கண்ணு, எடம் காட்டறேன். பஸ்ஸு நின்னுதான் போகும்" என்றார். ஒரு இடிந்த சுவருக்குப் பின்னால் இடத்தைக் காட்டிவிட்டு அவர் தன் வழியே போய்விட்டார். நான் திரும்பி வந்தபோது பஸ் நின்ற இடத்தில் புழுதிதான் இருந்தது.

இதில் யார் மேலும் தப்பில்லை. நடத்துனர் என்னைக் கணக்கில் வைத்திருக்க முடியாது. கணவருக்கு நான் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்ற எண்ணம். ஆனால் அப்போது இப்படியெல்லாம் யோசிக்க வரவில்லை. வந்து இரண்டு வாரம் ஆன மருமகள் நடுவழியில் பஸ்ஸை விட்டு இறங்கிக் காணாமல் போனாள் என்று ஊர் பேசப்போகிறதே என்ற ஒரு நினைப்புதான்.

எதிரே கீற்றுக் கொட்டகை போட்ட ஒரு டீக்கடை. வாசலில் கொதிக்கும் பாய்லர், இரண்டு நீள பெஞ்சு, கண்ணாடிப் புட்டிகளில் பொறையும் வருக்கியும். பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொன்றாக வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கடைக்காரர். ரஹீம் பாய் என்று எல்லோரும் கூப்பிட்டார்கள்.

"என்னம்மா, பஸ்ஸ உட்டுட்டீங்களா?" என்றார்.

"அவரு பஸ்ஸுக்குள்ள இருக்காருங்க" என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வூட்டுக்காரரா? அட, அழுவாதீங்க. அதே வண்டிதான் கீழ போயிட்டுத் திரும்பி வரும். அதுலயே வந்துருவாரு. வெயில்ல நிக்காம உள்ள வாங்க."

நான் அசையவில்லை. டீக்கடைக்குள் பெண்கள் போய் நான் பார்த்ததில்லை. அதற்குள் பின்கட்டிலிருந்து அவர் மனைவி ஜைத்தூன் வந்தார். கையெல்லாம் கடலை மாவு. "சமையக்கட்டுல வந்து உக்காரும்மா. ஆம்பளைங்க நடுவுல எதுக்கு?" என்றார்.

"ரோடு தெரியற மாதிரி உக்காரணுங்கக்கா. பஸ் வந்துட்டா?"

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு பெஞ்சு ஓரத்தில் இருந்தவரிடம், "அண்ணா, கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்றார். அவர் கிளாஸோடு எழுந்து நகர்ந்துகொண்டார். ஆனால் முணுமுணுக்காமல் இல்லை. "பொம்பளைய டீக்கடைல உக்கார வெச்சா யாவாரம் எங்க உருப்படும் பாய்?"

"எங்க யாவாரத்த நாங்க பாத்துக்கறோங்க. டீ ஆறிடும், குடிங்க" என்றார் ஜைத்தூன். பிறகு என்னிடம், "என்ன சாப்புடற?" என்று கேட்டார்.

காலையில் பாதியில் விட்ட ரோஸ்டின் பசி அப்போதுதான் தெரிந்தது. அழுகைக்கு நடுவில் பசி வருவது வெட்கமாக இருந்தது, ஆனாலும் வந்தது. "டீ. கொஞ்சம் ஸ்ட்ராங்கா. அப்பறம் அந்த வடை ரெண்டு" என்றேன். நான் ஒரு கடையில் வாய் திறந்து கேட்டு வாங்கிய முதல் பலகாரம் அது. அப்போதுதான் எண்ணெயிலிருந்து எடுத்த பருப்பு வடை. பல்லில் படும்போது நொறுங்கியது, உள்ளே சோம்பும் பச்சை மிளகாயும். டீ செம்மண் நிறத்தில் இருந்தது. கிளாஸின் சூடு தாங்காமல் முந்தானையால் பிடித்துக் குடித்தேன். யாரும் என் வாயைப் பார்க்கவில்லை. எல்லோரும் அரசியல் பேசிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு வடையும் ஒரு பன்னும் வாங்கிச் சாப்பிட்டேன். பிறந்த வீட்டிலிருந்து வரும்போது அம்மா கொடுத்த காசை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். பாய் வேண்டாம் என்றார், நான் கொடுத்தேன்.

பதினொன்றரை மணி வாக்கில் அந்த பஸ் திரும்பி வந்தது. ஓடினேன். இறங்கியவர்களில் அவர் இல்லை.

நடத்துனர் என்னைப் பார்த்ததும், "நீங்கதானாம்மா அது? உங்களக் காணோம்னு அவரு பாரஸ்ட் செக்போஸ்ட்டு தாண்டுனதும் ஒரே சத்தம் போட்டாரு. ஓடற வண்டிலருந்து குதிக்கப் பாத்தாரு. அங்கயே நிறுத்தி எறக்கி உட்டுட்டோம்" என்றார்.

"வர்ற வழியில அவரப் பாத்தீங்களா?"

"ரோட்டுல ஒரு ஆளும் இல்லையே" என்றார். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது. அது யானை நடமாடும் காட்டுப் பாதை.

பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முதலில் முணுமுணுத்தாரே, அந்த ஆள்தான் எழுந்தார். "என் சைக்கிள் இருக்கு. செக்போஸ்ட்டு வரைக்கும் போயிப் பாத்துட்டு வரேன். நீ எங்கயும் போவாத, இங்கயே இரு" என்று சொல்லிவிட்டு, மீதி டீயைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார். ஜைத்தூன் என் பக்கத்தில், அதே பெஞ்சில், வந்து உட்கார்ந்துகொண்டார். கடை திறந்த நாளிலிருந்து தான் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததே இல்லை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சந்தைக் கூட்டத்துக்குள், தெருவின் எதிர்ப்புறம், ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. சட்டை முழுக்கப் புழுதி. அவர்தான். எங்கோ பார்த்துக்கொண்டு வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். "ஏங்க!" என்றேன். கடையில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள், அவர் மட்டும் திரும்பவில்லை. இன்னொரு முறை, "ஏனுங்க!" மாட்டு வண்டிச் சத்தத்தில் அது தெருவைத் தாண்டவில்லை. இன்னும் நாலு எட்டு வைத்தால் கூட்டத்துக்குள் மறைந்துவிடுவார்.

பெஞ்சை விட்டு எழுந்து, என் பலமெல்லாம் சேர்த்து, "மாதையன்!" என்று கத்தினேன்.

புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லாத காலம். ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் இருப்பவரைச் சொல்லச் சொல்வோம். ரஹீம் பாய் டீ ஆற்றிய கை அப்படியே நின்றது. தெருவில் அவரும் நின்றார். திரும்பினார், என்னைப் பார்த்தார். அடுத்த நொடி வண்டி மாடு எதையும் பார்க்காமல் தெருவைக் கடந்து ஓடி வந்தார்.

பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்குவதைப் பார்த்துத்தான் அழுகிறார் என்று தெரிந்தது. ஜைத்தூன் எழுந்து உள்ளே போய்விட்டார். பாய் ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தார்.

செக்போஸ்டில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே மூங்கில் லாரி ஒன்று கிடைத்து, பஸ்ஸுக்கு முன்பே ஊருக்கு வந்துவிட்டாராம். அது சந்தைக் கூட்டத்துக்குள் நுழையாமல் சுற்றிப் போய் ஊரின் மறு முனையில் இறக்கிவிட்டிருக்கிறது. அங்கிருந்து கோயில், ஆஸ்பத்திரி, சைவ ஹோட்டல் ஒன்றின் பேமிலி ரூம் என்று தேடிக்கொண்டே வந்திருக்கிறார்.

"டீக்கடைல பாக்கலீங்களா?" என்றேன்.

"நீ டீக்கடைல உக்காந்திருப்பன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு வடைத் தட்டையும் என்னையும் பார்த்தார். "சாப்ட்டியா?"

"மூணு வடை. ஒரு பன்னு."

"காலைல எதுவும் சாப்புடலயேன்னுதான் வழியெல்லாம் நெனச்சிட்டு வந்தேன்" என்றார். கோபம் என்று நான் நினைத்தது அதுதான். கொஞ்ச நேரம் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "எங்கம்மா முன்னாடி மட்டும் அப்படிப் பேரச் சொல்லிக் கூப்டுறாத" என்றார். பின்கட்டிலிருந்து ஜைத்தூன் சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை.

சைக்கிளில் போனவர் வரும்வரை காத்திருந்தோம். சட்டையெல்லாம் வியர்வையோடு வந்தார். "வந்துட்டாரா? நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, பழைய இடத்தில் உட்கார்ந்து புதிதாக ஒரு டீ சொன்னார். என் கணவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த டீயாவது எங்கள் கணக்கில் இருக்கட்டும் என்றோம், அதற்கு மட்டும் சம்மதித்தார்.

அடுத்த பஸ்ஸில் ஒகேனக்கல் போய்ச் சேர மதியம் இரண்டாகிவிட்டது. மாசியில் ஆற்றில் தண்ணீர் மட்டாகத்தான் இருக்கும், அருவியும் அப்படியே. ஆனால் பரிசலுக்கும் மீனுக்கும் அதுவே நல்ல சமயம். கரையில் பெண்கள் கல் அடுப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். மீனை நாம் பார்த்து எடுத்துக் கொடுத்தால், கழுவி, மிளகாயும் உப்பும் தடவி வறுத்துத் தருவார்கள். இந்த முறை மீனை நான் எடுத்தேன். பாறை மேல் எதிரெதிரே உட்கார்ந்து, முள்ளை எடுத்து ஆற்றுப் பக்கம் எறிந்துகொண்டே, அவருடைய அலுவலகம், என் தங்கைகள், எனக்குக் காபி பிடிக்காது என்பது வரைக்கும் பேசித் தீர்த்தோம்.

இனி, போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வழியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நடத்துனரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள். கூட வந்தவர் பார்த்திருப்பார் என்று நம்பாதீர்கள். கொஞ்சம் காசு உங்கள் கையிலேயே இருக்கட்டும். பென்னாகரத்தில் வடை சாப்பிட முற்பகல்தான் நேரம், மதியத்துக்கு மேல் ஆறிப்போனதுதான் கிடைக்கும். ஆற்று மீனை உங்கள் கண் முன்னால் வறுக்கச் சொல்லுங்கள். எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த அடுப்புக்குப் போய்விடுங்கள்.

அன்று நடந்ததை மாமியாரிடம் மறைக்கலாம் என்று இவர் சொன்னார். நான் மறுநாளே சொல்லிவிட்டேன், பேர் சொன்னதைத் தவிர. மாமியார் முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே கேட்டார். திட்டவில்லை. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதுகூட இருக்காது. மாமனார் இறந்த பிறகு பல வருடம் காய்கறிக் கூடையோடு தினமும் டவுனுக்கு வந்து போனவர். பங்குனியில் அவருக்குக் கண் காட்ட நாங்கள் இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, அந்த பஸ் நிலைய ஹோட்டல் வாசலில் நின்றுவிட்டார்.

"எத்தன வருசம் இதுக்கு எதுத்தாப்புல உக்காந்து யாவாரம் பண்ணிருக்கேன். வாசன மட்டும் வரும். உள்ள போனதில்ல" என்றார்.

உள்ளே போனோம். பரிமாறுகிறவர் திரை போட்ட மூலையைக் காட்டினார். மாமியார் அதைப் பார்த்தார், பிறகு தெரு தெரிகிற ஜன்னலோர மேசையைப் பார்த்தார். "இங்க காத்து வருது" என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பலகாரப் பெயர்களை முழுவதும் கேட்டு முடித்துவிட்டு, "எல்லாஞ் சரி, இன்னொரு தடவ மெதுவாச் சொல்லு தம்பி" என்றார்.