மரம் நடந்து வந்தால்

எங்கள் தொழிற்சாலையில் ஒரு பாகம் செய்து முடிக்க ஐம்பத்திரண்டு நொடி. ஐம்பத்து மூன்றானால் யாராவது பதில் சொல்ல வேண்டும். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான். ஒரகடத்தில் இப்படி நொடி எண்ணியே தலை நரைத்தவன் சிறு பறவைகளைப் படம் பிடிக்கக் கிளம்பியதை, வயசுக் கோளாறு என்று சொல்லி மனைவி விஷயத்தை முடித்துவிட்டாள்.

அந்தப் பங்குனியில், புதிய கட்டடத்துக்காகப் பின்மதிலோரம் கொட்டியிருந்த மண்மேட்டில் ஒரு ஜோடிப் பஞ்சுருட்டான் பொந்து குடைந்திருந்தது. உள்ளங்கையில் அடங்கும் பச்சைப் பறவை. வாலிலிருந்து இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். தட்டானைக் கவ்விக்கொண்டு அது பொந்துக்குள் நுழையும் கணம் எனக்கு வேண்டும். திங்கட்கிழமை மேட்டை நிரவ பொக்லைன் வருகிறது. அதற்கான அனுமதிச் சீட்டு என் மேசையில் இருந்தது.

இலையும் தழையுமாக அச்சடித்த சட்டை, அதே துணியில் தொப்பி. மூன்று நாள், மாலையில் ஷிப்ட் முடிந்ததும் உடை மாற்றிக்கொண்டு மதிலோரம் பதுங்கிப் பதுங்கிப் போனேன். கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த தென்காசிப் பையன்களில் ஒருவன் மரியாதை குறையாமல் கேட்டான்: “பார்டருக்கா போறிய சார்?”

மூன்று நாளும் பறவைகள் என்னைக் கண்டதும் கம்பிவேலிக்குப் போய்விட்டன. பத்து நிமிடம் பார்ப்பேன். பிறகு ஓரடி முன்னால் போவேன். லைனில் வேலை தாமதமானால் கிட்டப் போய் நிற்பது என் வழக்கம். அங்கே அது பலித்திருக்கிறது.

பின்புறம் பெருக்கும் பென்னலூர் அம்மாள், என் வயதுக்காரி, துடைப்பத்தை ஊன்றி நின்று பார்த்தாள்.

“இன்னாத்துக்கு சார் இந்த வேசம்?”

“பறவை என்னை மரம்னு நெனச்சிக்கும்மா.”

“மரம் நடந்து வந்தா நீ பயப்பட மாட்டியா? தெனம் நூறு பேரு யூனிபார்ம் போட்டுகினு அது பக்கத்துல குந்திகினு கீறாங்க. அதும் பாட்டுக்கு கீது. உன்ன பாத்தாதான் ஓடுது.”

மறுநாள் வெள்ளிக்கிழமை. நீலச் சட்டை, மஞ்சள் ஹெல்மெட்டோடு பையன்கள் நடுவே உடைந்த மரப்பலகையில் உட்கார்ந்தேன். அவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருப்பதைக் கவனித்தேன். ஒருவரும் மணி பார்க்கவில்லை. பஸ் வரும்போது வரும். நானும் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டேன். ஒரு பஸ் போயிற்று, இன்னொன்றும் போயிற்று. அதன் பிறகு பறவை கம்பியை விட்டு இறங்கி, பொந்து வாசலில் தட்டானோடு ஒரு நொடி நின்றது.

அம்மாளிடம் கேமராவை நீட்டினேன். பாராட்டை எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால் பொய்.

“நல்லாத்தான் கீது. தீனிய உள்ள எட்துகினு போவுதுன்னா உள்ள குஞ்சு கீது. திங்கக்கெழம இன்னா பண்ணப் போற?”

மூன்று நாள் அந்தத் தட்டானுக்காகவே தவம் கிடந்தவனுக்கு, அது யாருக்குப் போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

அனுமதிச் சீட்டில் ஒரு கேள்வி உண்டு: தோண்டும் இடத்துக்குள் யாராவது இருக்கிறார்களா? ‘இல்லை’ என்று பார்க்காமலே டிக் அடிப்பது எங்கள் மரபு. அன்று முதல் தடவையாக ‘உண்டு’ என்று அடித்து, கையெழுத்திடாமல், படத்தையும் சேர்த்து மேலாளரிடம் வைத்தேன்.

படத்தை வெகுநேரம் பார்த்தார். “எப்ப காலி பண்ணுவாங்க?”

“மூணு வாரம் ஆகலாம் சார்.”

“பொக்லைன்காரன் கேட்டா?”

“பாதுகாப்பு விதின்னு சொல்லிடறேன்.”

“அதுவும் சரிதான்,” என்று சீட்டைத் திருப்பித் தந்தார்.

பொக்லைன் முதலில் மேற்கு மூலைக்குப் போயிற்று. மூன்று வாரம் மாலைதோறும் பலகையில் உட்கார்ந்தேன். பாதி நாள் கேமராவை எடுக்கவே இல்லை. குஞ்சுகள் பறந்தது ஒரு காலை வேளையில். நான் அப்போது லைனில் நொடி எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மாள்தான் வந்து சொன்னாள், நாலு என்று. மேட்டுக்குப் போய், பொந்தின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதுவும் வரவில்லை, போகவில்லை. பிறகு அறைக்கு வந்து புதுச் சீட்டில் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன், பார்த்துவிட்டு.