எட்டுப் பேர் ஏறும் லிஃப்ட்

அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் அவர் லிஃப்ட் அண்ணன். எட்டுப் பேர் ஏறும் பெட்டிக்குள் நின்றே பாதி ஆயுளைக் கழித்தவர். கொரோனா தொற்றில் போய்ச் சேர்ந்த ஊழியர்களையும் தினமும் ஏற்றி இறக்கியவர்தான்.

அன்று கட்டுப்பாடுகளைத் தளர்த்துவது பற்றிய கூட்டத்துக்காக இரண்டு அதிகாரிகள் மட்டும் ஏறினார்கள். ஏறும்போதே வாய்ச்சண்டை.

“பாதிப் பேர் ஊசி போட்டாச்சு. எல்லாத்தையும் திறந்துடலாம்.”

“இன்னும் ஒரு மாசம் பொறுத்தா என்ன, குடியா முழுகிடும்?”

எடை அதிகம் என்று மணி அலறியது. கதவு மூடவில்லை.

லிஃப்ட் அண்ணன் காலியாக இருந்த மூலையைப் பார்த்துக் கனிவாகச் சொன்னார்: “கொஞ்சம் பேர் இறங்கி அடுத்ததுல வாங்கப்பா.”

மணி நின்றது. கதவு மூடிக்கொண்டது.

எல்லாத்தையும் திறக்கச் சொன்ன அதிகாரி அந்த மூலையை விட்டு விலகி நின்றார். “யாருய்யா அது?”

“நம்ம ஆபீஸ்ல செத்தவங்கதான் சார். கூட்டத்துல அவங்களையும் ஒரு வார்த்தை கேக்கணுமாம்.”