தூதர் என்றே எழுது

என் மனைவி ஜஹீரா இந்தியாவின் தூதராக இருந்து ஓய்வு பெற்றவள். நான் காஜா, தூதரின் புருஷன். தூதர் ஆணாக இருந்தால் அவர் வீட்டுக்காரிக்குத் தனி மரியாதை உண்டு. எனக்கு என்ன பேர் வைப்பதென்று எந்த ஊரிலும் யாருக்கும் தெரியவில்லை. போன நாடுகளிலெல்லாம் தூதர்களின் மனைவிமார் நடத்தும் தேநீர் விருந்துக்குத்தான் என்னை அழைத்தார்கள். நானும் கூச்சப்படாமல் போனேன். பூ அடுக்கக்கூடக் கற்றுக்கொண்டேன்.

அவள் இரும்புலியூரில் பழைய இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவரின் மகள். எங்கள் பக்கத்திலிருந்து அந்த உத்தியோகத்துக்குப் போன முதல் பெண். சேர்ந்த புதிதில் ஒரு பெரிய அதிகாரி, "கல்யாணம் ஆனால் வேலையை விட்டுவிடுவாயா?" என்று கேட்டாராம். "இதைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனிடமும் கேட்டீர்களா?" என்று இவள் திருப்பிக் கேட்டிருக்கிறாள். கடைசியில் கல்யாணத்துக்காக வேலையை விட்டது நான்தான். குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டிராயிங் போட்டுக்கொண்டிருந்தேன். "பொண்டாட்டி முந்தானையைப் புடிச்சுகினு போறான் பாரு" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. பிடித்துக்கொண்டு போக அவர்களுக்கு அப்படி ஒரு முந்தானை வாய்க்கவில்லை.

அவள் தூதராக இருந்த ஒரு நாட்டில் சண்டை மூண்டது. பெண்களும் குழந்தைகளும் முதல் விமானத்தில் கிளம்ப வேண்டும் என்று ஏற்பாடு. அவளுக்கும் இடம் போட்டிருந்தார்கள். "நான் இங்க பொம்பளையா வரல. இந்தியாவா வந்திருக்கேன்" என்றாள். அந்த இடத்தில் என்னை ஏற்றிவிட்டாள்! பால் புட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, குழந்தைகளோடு சேர்ந்து நானும் அழுதேன். நம் ஆட்களில் கடைசி ஆளும் ஏறிய பிறகுதான் அவள் ஏறினாள். அப்படித் திரும்பி வந்தவர்களில் எங்கள் தெரு அசாரின் தம்பி ஃபைஸும் ஒருவன்.

அந்த அசார்தான் இப்போது எங்கள் பகுதி அறக்கட்டளையின் செயலாளர். பெண் பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்க ஒரு படிப்பகம் கட்டி முடித்திருந்தார்கள். திறந்து வைக்க ஜஹீராவைக் கூப்பிட வந்தவன், கல்வெட்டில் பொறிக்கப் போகும் வாசகத்தைப் போனில் காட்டினான். ‘ஜனாப் காஜா அவர்களின் துணைவியார் ஜஹீரா அவர்கள் திறந்து வைத்தது.’

"என் வேலை எங்க அசார்?" என்று கேட்டாள் ஜஹீரா.

அவன் நெளிந்தான். "இன்னா பிரச்சினைனா அக்கா, தூதர்னா அது நபிக்குச் சொல்ற வார்த்தையாச்சே. பெரியவங்க ஒத்துக்க மாட்டேன்றாங்க."

"பேப்பர்ல தினமும் அந்த நாட்டுத் தூதர், இந்த நாட்டுத் தூதர்னு வருது. எந்தப் பெரியவராவது பேப்பரை நிறுத்திட்டாரா?"

"அவங்கல்லாம் ஆம்பளைங்..." பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"அப்படி வா வழிக்கு. வார்த்தை மேல குத்தமில்ல. அது என் பேருக்கு முன்னாடி வர்றதுதான் குத்தம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாசூக்கெல்லாம் அவள் தொழில், என் தொழில் இல்லை. "டேய், உன் தம்பி குண்டுச் சத்தத்துல மாட்டிக்கினு இருந்தப்ப, ‘தூதரம்மா, காப்பாத்துங்க’ன்னு போன்ல அழுதியே! அப்ப இனிச்ச வார்த்தை இப்ப கசக்குதா?"

அசாருக்குக் கண் கலங்கிவிட்டது. "மாத்திடறேன் அண்ணா" என்றான்.

"நீங்க சும்மா இருங்க" என்று ஜஹீரா என் மேல் பாய்ந்தாள். "காப்பாத்தினதுக்கு எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. அசார், நன்றிக்காக அந்த வார்த்தையைப் போடாதே. நாளைக்கு இன்னொருத்தர் முறைச்சா அழிச்சிடுவே. அங்க படிக்க வர்ற பொண்ணு வாசல்ல எதைப் படிக்கணும்? காஜாவைக் கட்டிக்கிட்டா கல்லுல பேர் வரும்னா? நான் தூதரா இருந்தவ. அது உண்மை, அதனால போடு. முடியாதுன்னா வேற ஆளைப் பாரு."

அசார் எழுந்து போனான். பெரியவர்களிடம் அவன் பட்ட பாட்டை ஃபைஸ் வந்து சொன்னான். ஆனாலும் அசார் பின்வாங்கவில்லை.

விழா அன்று திரையை விலக்கியபோது, ‘முன்னாள் இந்தியத் தூதர் ஜஹீரா’ என்று கல்லில் இருந்தது. நான்தான் முதலில் கை தட்டினேன். ஆனால் முன் வரிசையில் பெரியவர்களுக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒருவரும் இல்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமா அக்கா?" என்றான் அசார்.

"எங்க உத்தியோகத்துல வராதவங்க நாற்காலியைக் காலியா விடறதில்ல" என்றாள் ஜஹீரா. பின்னால் நின்றுகொண்டிருந்த பெண் பிள்ளைகளை மைக்கில் கூப்பிட்டாள். "எல்லாரும் முன்னாடி வந்து உட்காருங்க."

பிள்ளைகள் அப்பாக்களின் முகத்தைப் பார்த்தார்கள். இரம் என்ற பெண் முதலில் வந்து நடு நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும் வந்து வரிசையை நிரப்பிவிட்டார்கள்.

ஜஹீரா பேச ஆரம்பித்த பிறகு, அந்த வார்த்தை வேண்டாம் என்றவர்களில் ஒருவர் மட்டும் வந்து சேர்ந்தார். மில்லில் மூட்டை தூக்கியவர் போன்ற திடகாத்திரமான ஆள். அவரைக் கண்டதும் பிள்ளைகள் எழப் பார்த்தார்கள். ஜஹீரா பேச்சை நிறுத்தி, கையால் உட்காரச் சொன்னாள். ஒருத்தியும் எழவில்லை.

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பின்னால் வந்து, சுவரோரம், எந்த விழாவிலும் நான் நிற்கும் இடத்தில், என் பக்கத்தில் நின்றார்.

"பழகிடும் பாய்" என்றேன்.