புல்மோட்டைக்குப் போன எஞ்சின்

கோடையில் எங்கள் அப்பாவுக்கு ஒரு தலையிடிகூட வந்ததில்லை. கொதிக்கிற வெயிலில் படகு தள்ளுவார். மீன் முள் கிழித்த கையைக் கடல் தண்ணீரில் கழுவிவிட்டு அதை மறந்தும் போவார். ஐப்பசி கழிந்து வாடைக்காற்று தொடங்கி, எங்கள் ஊரான சல்லியின் கரையில் படகுகளை மேலே இழுத்து ஏற்றினார்களோ இல்லையோ, அவருடைய உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கும். முதலில் இதயம். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் ஈசீஜி எடுத்து, டொக்டர் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினால் ஒரு கிழமை நிம்மதி. பிறகு ஈரல். அதன் பிறகு, பெயர் தெரியாத ஏதோ ஒன்று முதுகுக்குள் ஊர்ந்து திரியும்.

ஒரு மாரிக்கு ஒரு ஈசீஜி. இது அம்மா போட்ட சட்டம். இரண்டாவது கேட்டால், "உங்கட நெஞ்சு போன மாசம் எப்பிடி இருந்ததோ அப்பிடித்தான் இருக்கு. கடற்கரையில ஒருக்கா நடந்துபோட்டு வாங்கோ" என்று குடையைக் கையில் திணிப்பார். செய்வினை என்று சொல்லி நூல் கொண்டுவந்தவர்களை வாசலோடு திருப்பினார். சோம்பல் என்று சொன்னவர்களோடு சண்டை பிடித்தார். கடல் ஊருக்குள் வந்த பயம்தான் இது என்று அனுதாபப்பட்டவர்களையும் விடவில்லை. அதற்கு முந்தியே அவருக்கு இது இருந்தது, கடலின் தலையில் எல்லாவற்றையும் கட்டாதீர்கள் என்றார். இப்போது கார்த்திகை பிறந்தால் என் விரலும் தானாக மணிக்கட்டில் நாடி தேடிப் போகிறது. மழை இருட்டில் எழும்ப மனமில்லாமல் கிடக்கிறேன். ஆனால் எழும்பிவிடுகிறேன். அம்மாவின் மகள் மாரிக்குத் தோற்றால் ஊர் சிரிக்கும்.

மார்கழி ஆனதும் அப்பா சாமான்களைக் கொடுக்கத் தொடங்குவார். கைமணிக்கூடு பக்கத்து வீட்டுக்கு, சைக்கிள் சந்திக் கடைக்காரருக்கு, ரேடியோ எதிர்வீட்டு அக்காவுக்கு. "நான் இல்லாட்டி இது சும்மா கிடந்து பழுதாப் போகும்" என்று நீட்டுவார். ஒரு வருடம் யாரோ வாங்க மறுத்துவிட, அப்பா இரண்டு மடங்கு ஒடுங்கிப் போனார். அதிலிருந்து ஊரே பழகிவிட்டது. ஓம் என்று வாங்கி அலுமாரிக்குள் வைப்பார்கள். மாசியில் கடல் அடங்கியதும் கேட்காமலே எல்லாம் திரும்பி வரும். சைக்கிளுக்கு மட்டும் கடைக்காரர் எண்ணெயும் போட்டு அனுப்புவார். யாரும் அதைப் பற்றி ஒரு கதையும் கதைப்பதில்லை. உலகத்தில் எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்குப் பத்து வயதான வருடம், அப்பாவின் தங்கையைப் புல்மோட்டையில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மாமா நல்ல மனிதர்தான். ஆனால் எங்கள் ஊர் வழக்கம் அவருக்கு எப்படித் தெரியும்? மார்கழியில் ஒருநாள் சுகம் விசாரிக்க வந்தவருக்கு அப்பா படகின் எஞ்சினையே தூக்கிக் கொடுத்துவிட்டார். அவரும் நன்றி சொல்லி, ஒரு சின்ன லொறி பிடித்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அம்மா என்னைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு வந்து பார்த்தால், குசினி மூலையில் சாக்குப் போர்த்தி வைத்திருந்த எஞ்சின் இல்லை. அது நின்ற மரத்தாங்கி மட்டும் நின்றது.

"அப்ப மாசியில என்னத்தக் கொண்டு கடலுக்குப் போறது?" என்று அம்மா கேட்டார்.

"மாசியில நான் இருந்தாத்தானே."

அப்பா அதை அழுகையோடு சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோலச் சொன்னார். அம்மா வெறும் தாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் பயத்தை நான் கண்டது அன்றுதான். அது கனநேரம் நிற்கவில்லை. விடிய முதல் பஸ்ஸில் மூன்று பேரும் புல்மோட்டைக்குப் போகிறோம் என்றார்.

"என்னால ஏலாது. வழியில எனக்கு என்னவும் நடக்கும்."

"சாகிறதெண்டால் பஸ்ஸுக்க சாகுங்கோ. பக்கத்தில நான் இருப்பன். உங்கட கையால குடுத்தனீங்கள், உங்கட வாயாலதான் திருப்பிக் கேக்கவேணும்."

அப்பாவை யன்னலோரம் இருத்தி, அவர் இறங்கி ஓடாதபடி அம்மா இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். நிலாவெளியில் அப்பா மூச்சு முட்டுகிறது என்றார். "முட்டட்டும்" என்று அம்மா யன்னலைத் திறந்துவிட்டார். மழை எங்கள் மூவரையும் நனைத்தது. முன் சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். அம்மா அவரைத் திருப்பி முறைத்த முறைப்பில் அவர் குச்சவெளி வரை கழுத்தைத் திருப்பவேயில்லை.

மாமி எங்களைக் கண்ட சந்தோஷத்தில் தேத்தண்ணி ஊற்றப் போனார். விஷயத்தைக் கேட்டதும் மாமாவின் முகம் கறுத்தது.

"நான் கேட்டனானோ மச்சாள்? மச்சான் மனம் விரும்பித் தந்தவர். அவருக்கு வேணுமெண்டால் அவரே சொல்லட்டும். இப்பவே தாறன்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா தன் கால்விரலைப் பார்த்தார். தகரக் கூரையில் மழை கொட்டியது. தேத்தண்ணி வந்து ஆறிப்போனது. வேண்டும் என்ற ஒரு சொல்லுக்கு இந்த மனிதர் ஏன் இப்படி மல்லுக்கட்டுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. சும்மா சொல்லி முடித்தால் வீட்டுக்குப் போகலாமே என்று, "மாமா, எங்களுக்கு..." என்று நானே வாயைத் திறந்தேன். அம்மா என் தொடையில் நுள்ளினார். சதை பிய்ந்துவிட்டதென்றே நினைத்தேன். ஆனால் அவர் கண் அப்பாவை விட்டு அசையவில்லை.

"எனக்கு வேணும்" என்றார் அப்பா கடைசியில். செருமிவிட்டுத் திரும்பவும் சொன்னார். "மாசியில நான் தொழிலுக்குப் போகவேணும். எஞ்சின் எனக்கு வேணும்."

மாமா எழும்பி, இப்போதே லொறிக்குச் சொல்கிறேன் என்று போனை எடுத்தார். அம்மா தடுத்துவிட்டார்.

"இப்ப வேண்டாம் தம்பி. உங்களிட்டயே இருக்கட்டும். மாசியில இவரே வந்து ஏத்திக்கொண்டு போவார்." பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "வருவியள்தானே?" என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். "வாயால சொல்லுங்கோ" என்றார் அம்மா. "ஓம், வருவன்" என்றார் அப்பா.

திரும்பும்போது குச்சவெளியில் பஸ் நின்றது. அப்பா மழைக்குள் இறங்கிப்போய்க் கச்சான் கடலை வாங்கிவந்து, ஒவ்வொன்றாக உடைத்துத் தின்றார். எனக்கும் நீட்டினார். நான் வாங்கவில்லை. விடியவே எழும்பி, நனைந்து, நுள்ளும் வாங்கி, அவ்வளவு தூரம் போய், மாமா தருகிறேன் என்ற பிறகும் எஞ்சினை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வருகிறோமே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. நிலாவெளி வரும்வரை அழுதேன். பக்கத்தில் அம்மாவும் அப்பாவின் தோளில் சாய்ந்து சத்தமில்லாமல் அழுதுகொண்டு வந்தார். அவரும் எஞ்சினுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன்.