குனிந்தால் ஆறும் நோவு

கடல் ஊருக்குள் வந்த காலையில் என் கணவர் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். கதிரவெளியில் எங்கள் வளவின் பின்வேலிவரைக்கும்தான் ஓட முடிந்தது. தண்ணீர் அவரைத் தூக்கி வேலிக்கட்டையில் அடித்தது. முதுகு கிழிந்தது. மகளை அவர் விடவில்லை.

காயம் ஆறியபின் தோள்பட்டையிலிருந்து இடுப்புக்கு மேலே நாரிவரைக்கும் தழும்பு கயிறுபோலத் தடித்து நின்றது. கடற்கரையில் இருக்கப் பயந்து, கிரானில் என் அக்கா வீட்டு வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டோம். கடலைத் தவிர வேறொன்றும் தெரியாதவர், அக்காவின் கணவரோடு வயலுக்குப் போகத் தொடங்கினார்.

அதனால், முதுகு நோகிறது என்று அவர் சொன்னபோது எங்கள் எல்லோருக்கும் காரணம் தெரிந்தேயிருந்தது. அக்கா வேப்பெண்ணெய் காய்ச்சித் தந்தாள். முறிவு வைத்தியர் தழும்பைத் தடவிப் பார்த்து, கடல் அடித்த அடி லேசில் போகாது என்று சொல்லிப் பத்துப் போட்டுவிட்டார். நானும் நம்பினேன்.

ஆனால் நெல்மூட்டை தூக்கிய நாட்களில் அவருக்கு அவ்வளவு நோகவில்லை. ஓட்டமாவடியில் நெல் வாங்கும் ஒருவர் பெருநாளுக்குப் புரியாணி அனுப்பியிருந்தார். அதைச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மடங்கிப் போனார். நெஞ்சுக்குழிக்குக் கீழே தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகிறது என்றார். பாயில் மல்லாக்கப் படுக்க முடியவில்லை. அதற்குப் பிறகு சோற்றைக் கண்டாலே பயந்தார். உடுத்திய சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்தார். மலம் வெளுத்து, எண்ணெய் மாதிரி மிதந்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் போகவில்லை. அதை என்னிடம் சொல்லவே அவருக்குக் கனநாள் எடுத்தது. புற்றுநோய் என்ற சொல் என் தொண்டைவரைக்கும் வந்துவிடும்; விழுங்கிவிடுவேன்.

அப்போது வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் சண்டை மூண்டிருந்தது. ஷெல் சத்தம் கேட்டால் வளவுக்குள் வெட்டிய பங்கருக்குள் இறங்குவோம். முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்து எங்களுக்கெல்லாம் முதுகு விட்டுப்போகும். ஒரு நாள் மத்தியானம் அந்த நெருக்கத்துக்குள் அவர் என் காதோரம் சொன்னார்:

"இப்பிடிக் குந்தியிருந்தா சுகமா இரிக்கி புள்ள."

வெளியே விழுந்த ஷெல்லைவிட அந்தச் சொல்தான் என்னைப் பயப்படுத்தியது. அடிபட்ட முதுகு குனிந்தால் எப்படி ஆறும்? ஆசுபத்திரிக்குப் போவோம் என்றேன். வழியில் ஆமிக்காரர் இறக்கி வைத்துக்கொண்டால் என்ன செய்வாய் என்று கேட்டார். போன ஆண்கள் சிலர் திரும்பி வராத காலம் அது. ஆனாலும் அடுத்த கிழமை பஸ் ஏறினோம்.

சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். காலையில் குடித்த பாற்கஞ்சி அவருக்குள் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. வயிற்றைக் கையால் அமத்தியபடி குனிந்து நடந்தார். ஒரு ஆமிக்காரன் சத்தம் போட்டான். எல்லோரும் விலகி ஓடினார்கள். அவர் சட்டைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வருகிறார் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். துவக்குகள் அவர் பக்கம் திரும்பின. கையைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார், ஆனால் நிமிர முடியவில்லை. நிமிராததால் இன்னும் சத்தம் போட்டார்கள். மகளை வீட்டில் விட்டுவிட்டு வந்தது நல்லது என்பது மட்டும்தான் என் மனதில் ஓடியது.

சட்டையைக் கழற்ற வைத்தார்கள். வயிற்றில் ஒன்றுமில்லை. பிறகு முதுகைக் கண்டார்கள். சண்டைக்காயம் என்று எண்ணியிருக்க வேண்டும், ஒருவன் அவரை முழங்காலில் இருத்தினான். அவர்கள் பாசை எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

"சுனாமி. சுனாமி, ஐயா."

அந்தச் சொல் அவர்களுக்கும் விளங்கியது. பஸ் கண்டக்டர் கிட்ட வந்து, நோயாளி, ஆசுபத்திரிக்குப் போகிறார் என்று சிங்களத்தில் சொன்னார். கன நேரம் வெயிலில் வைத்திருந்துவிட்டுப் போகவிட்டார்கள். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவருக்குச் சட்டையைப் போட்டுவிட்டேன்.

மட்டக்களப்பில் எங்களைப் பார்த்த டொக்டர் இளம் ஆள். முதுகெலும்பை மேலிருந்து கீழாக அமத்திக்கொண்டே வந்தார், எங்கும் நோகவில்லை. குனிந்து காலைத் தொடச் சொன்னார், தொட்டார். மேல்வயிற்றில் கையை வைத்ததும் என் கணவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டைப் பற்றியும் மலத்தைப் பற்றியும் டொக்டர் கேட்க, நான் சொன்னேன். குனிந்தால் சுகம், படுத்தால் நோவு என்பதையும் சொன்னேன். குடிப்பாரா என்று கேட்டார். எப்போதாவது கள்ளு, ஆனால் பீடி ஓயாமல் என்றேன்.

"நாரி நோவுக்காரருக்குக் குனிஞ்சா, பாரம் தூக்கினா கூடும். படுத்தாக் குறையும். இவருக்கு எல்லாம் மறுவளமா இரிக்கி. இது முதுகில வந்த வருத்தமில்ல அம்மா, வயித்துக்குள்ள இரிக்கிற நோவு முதுகுக்குக் கேட்குது, அவ்வளவுதான்."

ஸ்கேன் எடுக்க நாட்கள் போயின. காயப்பட்டவர்கள் வந்துகொண்டேயிருந்ததால் வார்ட்டில் கட்டிலுக்குக் கீழேயும் ஆட்கள் கிடந்தார்கள். அவர்கள் நடுவில் என் பயத்தை வெளியே காட்ட வெட்கமாக இருந்தது. கடைசியில் டொக்டர் படத்தைக் காட்டினார். இரைப்பைக்குப் பின்னால், முதுகோடு ஒட்டினாற்போல் சதையி என்று ஒன்று இருக்கிறதாம். கணையம் என்றும் சொல்வார்களாம். சாப்பாட்டைச் செமிக்கச் செய்யும் நீர் அங்கேதான் சுரக்கிறதாம். அது நாட்பட அழற்சி கண்டு, உள்ளே கல்லுப் பிடித்திருந்தது. புற்றுநோயாகத் தெரியவில்லை என்றார். ஆனால் பழுதானது திரும்பி வராது என்றும் மறைக்காமல் சொன்னார்.

கொழுப்பை நிறுத்தினோம். பீடியைக் கைவிட அவர் பட்ட பாடு தனிக்கதை. சுரக்காத அந்த நீருக்குப் பதிலாக ஒவ்வொரு சாப்பாட்டோடும் ஒரு குளிசை. பாதை பூட்டிய நாட்களில் அது கிடைக்காமல் பிச்சைக்காரிபோல் வார்ட் வாசலில் நின்றிருக்கிறேன். பிறகு சீனி வருத்தமும் வந்தது, ஊசியும் வந்தது. நோவு முற்றாக விடவில்லை. ஆனால் உடம்பு கொஞ்சம் பிடித்தது.

சண்டை முடிந்து முதல் வெள்ளாமை வெட்டிய பிறகு ஒரு நாள், முற்றத்தில் நெல்மூட்டையை இறக்கியவர் நாரியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஓடிப்போய்க் குனியச் சொன்னேன்.

"குனிய ஏலா புள்ள. குனிஞ்சா உசிர் போகுது."

முதுகை அமத்தினேன். நாரியில் ஓர் இடத்தில் துடித்தார். வயிற்றில் அமத்தினேன், ஒன்றுமில்லை என்றார். சோற்றைப் போட்டுக் கொடுத்துவிட்டு முன்னால் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முழுதையும் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார். அது வெறும் நாரிப்பிடிப்புத்தான்.