நான் ‘தும் தும்’ பாடி நிரப்பிய இடம்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் எதிரே நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கூட்டத்தோடு நின்று பாடும்போது மட்டும்தான் என் வாயிலிருந்து சத்தம் வரும். அப்படிப்பட்டவன் உங்களிடம் பேச வருகிறேன் என்றால், வேறு யாரிடமும் சொல்ல முடியாமல் போனதுதான் காரணம்.

சொல்லிவிடுகிறேன். ஒரு மகன் தன் தாய்க்காகப் பேசி அனுப்பிய பேச்சை நான் அழித்தேன். முதல் முறை தெரியாமல். இரண்டாம் முறை... தெரிந்தே!

எங்கள் ஊர் வில்லியனூருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கத்தோலிக்கப் பங்கு. ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் தொடங்கினால் கோயில் ஹார்மோனியத்தைப் பூட்டிவிடுவார்கள். நாற்பது நாளும் வாத்தியம் கிடையாது, வெறும் குரல்தான். அந்தப் பழக்கத்திலிருந்து பிறந்ததுதான் எங்கள் ஐந்து பேர் குழு. கிதார், டிரம் எல்லாவற்றையும் வாயாலேயே செய்து வெளிநாட்டுப் பாட்டுகளைப் பாடுவோம். ஈஸ்டருக்கு மறுநாள் கோயில் மைதானத்தில் நடக்கும் கலைநிகழ்ச்சியில் எங்களுக்குக் கால்மணி நேரம் கொடுப்பார்கள். மெட்டுக்குத் தமிழ்ச் சொற்கள் எழுதுவது ஸ்டெல்லா. பாட்டைப் பொறுக்கி எடுத்து, யாருக்கு எந்தக் குரல் என்று பிரிப்பது என் வேலை.

பொறுக்குவதில் எனக்குக் கர்வம் இருந்தது. ஆம், இந்தக் கூச்சக்காரனுக்கு! ஒரு பாட்டிலிருந்து கிதாரை எடுத்துவிட வேண்டும், டிரம்மை எடுத்துவிட வேண்டும். மிச்சம் என்ன நிற்கிறது? பெரும்பாலான பாட்டுகளில் ஒன்றும் நிற்காது. திருவாண்டார்கோயில் பக்கம் இருந்த தொழிற்சாலையில் வேலை முடிந்து சைக்கிளில் திரும்பும்போது எதிர்காற்றில் முனகிப் பார்ப்பேன். வீடு வரும்வரை மெட்டு கலையாமல் இருந்தால் அது எங்கள் பாட்டு.

அதற்கு ஒரு சரணம் போதும். முதல் சரணத்தைக் கேட்டுவிட்டு நாடாவை வேகமாக ஓட்டிவிடுவேன். எந்தப் பாட்டையும் கடைசிவரை கேட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குப் பாட்டு அனுப்பியவன் சூசை. குழுவில் அடிக்குரல் பாடியவன்; பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போய்விட்டான். அவன் இடத்துக்கு நான் வந்தேன். அங்கே ரேடியோவில் வரும் ராக், பாப் பாட்டுகளை வருடத்துக்கு ஒருமுறை கேசட்டில் பிடித்துக் கொடுத்தனுப்புவான். ஊரில் அவன் தாய் மதலேனம்மா தனியாக இருந்தார். எழுத்துத் தெரியாது. மகனின் கடிதத்தை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கடிதமும் ஏழெட்டு மாதமாக வரவில்லை.

அந்த வருடம் கேசட்டைக் கொண்டுவந்த உறவுக்காரர் சொன்னார்: “ரெண்டு பக்கமும் கடைசி வரிக்கும் கேக்கணுமாம்பா. சூசை ரெண்டு தபா சொல்லி அனுப்பனான்.”

எல்லாப் பாட்டையும் கேட்டு நல்லதாகப் பொறுக்கச் சொல்கிறான் என்று நினைத்தேன். எனக்கே சொல்லித் தருகிறானா என்று சிரித்தும்கொண்டேன்...

முதல் பக்கத்தில் ஒன்றும் தேறவில்லை. இரண்டாம் பக்கத்தின் மூன்றாவது பாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒருவன் மெதுவாகக் கெஞ்சுகிறான். பின்னால் இரண்டு குரல்கள் அவனைத் தாங்குகின்றன. வாத்தியத்தை உரித்தாலும் நிற்கும்! அதற்குப் பிறகு நாடாவைச் சற்று ஓட்டிப் பார்த்தேன். வெறும் இரைச்சல். மீதி காலி என்று முடிவு செய்தேன்.

அடிக்குரலை முதலில் பதிவு செய்து, அதை ஓடவிட்டு அதன் மேல் மற்ற குரல்களைப் பாடிப் பார்ப்பது என் வழக்கம். அன்று என்னிடம் வேறு கேசட் இல்லை. வில்லியனூர்க் கடைக்குப் போய்வர அரைமணி நேரம் ஆகும். நான் போகவில்லை.

கேசட்டின் முதுகில் இரண்டு சிறு பற்கள் இருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் பதிவுப் பொத்தான் அமுங்காது. ‘இதை அழிக்காதே’ என்று அர்த்தம். சூசை இரண்டையும் உடைத்திருந்தான். நான் காகிதத்தை மடித்து அந்த ஓட்டையில் திணித்தேன். என் கையால்தான் திணித்தேன். பொத்தான் அமுங்கியது.

‘தும் தும்’ என்று பாடினேன். பிடிக்கவில்லை, மறுபடியும் முதலிலிருந்து. மூன்றாம் முறைதான் திருப்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெயில் ஏறிய நேரம். திருப்பிப் போட்டுக் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நாடாவில் என் குரல் முடிந்தது. நான் பதிவை நிறுத்திய ‘டக்’ சத்தம்.

பிறகு சூசை பேசினான்.

“...அதனாலதாம்மா இத்தினி நாளா எழுதல. எழுதனா ஊரே படிக்கும். நீ சரின்னு ஒரு வார்த்த சொல்லி அனுப்பு, அவள கூட்டிக்கினு வரேன். பதிலே இல்லன்னா, நீ வேணாம்னு சொன்னதா எடுத்துக்கறேன். அப்புறம் நா அந்தப் பக்கம் வர மாட்டேன். ராயப்பா, நீ கேட்டதோட வெச்சிக்கடா... வெச்சிடறேம்மா.”

நாடாவைப் பின்னுக்குத் திருப்பினேன். என் ‘தும் தும்’. மறுபடி சூசை பேச்சின் அந்த வால். அவள் யார்? எந்த ஊர்? அதற்கு முன்னால் தாயிடம் என்னென்ன சொன்னான்? எல்லாம் என் குரலுக்கு அடியில் போய்விட்டது. என்னை நம்பி, என் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தான்!

மிச்சம் இருந்ததே போதுமே என்று கேட்பீர்கள். போதும்தான்! அந்த வாலை மட்டும் போட்டுக் காட்டியிருந்தால் தாய்க்குப் புரிந்திருக்கும். ஆனால் ‘அதனாலதாம்மா’ என்று தொடங்கினால் ‘எதனால?’ என்று கேட்பாரே... உடைந்த பற்களைப் பார்ப்பார்களே, என் காகிதத்தைப் பார்ப்பார்களே... பாட்டுக்குழுவை என்னிடமிருந்து எடுத்துவிடுவார்களே! எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பொத்தானை மறுபடி அமுக்கினேன். நாடா தீரும்வரை பாடினேன். தும் தும் தும்... தொண்டை நடுங்கவில்லை. சுருதி கூட விலகவில்லை! அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என்னைக் கண்டு எனக்கே திகிலாக இருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் பயிற்சி. குழுவில் பாடும் லூர்து என் பதிவைக் கேட்டுவிட்டு, “இன்னாண்ணே இது, வயித்துவலிக்காரன் மொனவற மாதிரி கீது,” என்றான்.

“உனக்குக் குடுத்திருந்தா பேதி புடுங்கனவன் மாதிரி இருந்திருக்கும். மூடிக்கினு கேளுடா,” என்றாள் ஸ்டெல்லா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போது மதலேனம்மா வாசலில் வந்து நின்றார்.

“ராயப்பா, எம் புள்ள கேசட்டு அனுப்பியிருக்கானாமே. எனக்கு ஏதாச்சும் பேசியிருக்கானா?”

“இல்லம்மா. பாட்டு மட்டுந்தான்.”

“போடு. நானும் கேக்கறேன்.”

உட்கார்ந்துவிட்டார். இரண்டு பக்கமும் கேட்டார். ஒரு வார்த்தை புரியாத பாட்டுகளை, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, ஒரு நொடி விடாமல் கேட்டார். நான் ஒருநாளும் கேட்காததுபோல் கேட்டார். கடைசியில் என் அடிக்குரல் வந்தது.

“இது இன்னாபா?”

“அது... நான்தாம்மா.”

“உன் கொரலு எனக்குத் தெரியாதா? அவன் எங்க?”

நாடா தீர்ந்து பொத்தான் தானாக எகிறியது. அவர் எழுந்தார்.

“ஊருக்கெல்லாம் பாட்டு புடிச்சி அனுப்ப நேரங் கீது. பெத்தவள ‘அம்மா’ன்னு ஒரு தபா கூப்புட நேரமில்ல. இருக்கட்டும். அவனா வந்தா வரட்டும்.”

அந்த ஈஸ்டரில் எங்கள் பாட்டுக்குக் கைத்தட்டல் ஓயவில்லை. மதலேனம்மா வரவில்லை.

வருடந்தோறும் சூசையப்பர் திருநாளில் மகன் பேரில் பூசை கொடுப்பவர், அதன் பிறகு கொடுக்கவில்லை. சூசையிடமிருந்து கேசட்டும் வரவில்லை. அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், ஊர்ப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான் என்று விடுமுறைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். தாய் பதில் சொல்வாள் என்று எத்தனை மாதம் காத்திருந்தானோ... வராத பதிலையே பதிலாக எடுத்துக்கொண்டான்.

அவனுக்கு எழுதியிருக்கலாமே? எழுதினேன். மூன்று முறை. மூன்றையும் கிழித்தேன். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கலாமே? முழங்காலிட்டேன், கோபம், பொய், பூசைக்குப் பிந்தியது என்று சில்லறைப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

ஐந்து வருடம் போயிற்று. இந்தத் தவக்காலத்தில் மதலேனம்மா படுத்துவிட்டார். கோயில் சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குத் தரும் அவஸ்தைப்பூசுதலைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் போய்க் கட்டிலருகே நின்றேன்.

“நீயாச்சும் வந்தியே ராயப்பா,” என்றார். “அவனுக்குத் தந்தி கிந்தி குடுத்துடாதீங்க. நான் வேணாம்னு போனவன், எம்மேல மண்ணு போட வரத் தேவையில்ல.”

அறையில் வேறு யாரும் இல்லை. ‘அவன் வேணாம்னு போகலம்மா, உங்களக் கேட்டுத்தான் அனுப்பினான்’... இவ்வளவுதான் சொல்ல வேண்டும்! வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன்.

அவர் என்னையே பார்த்தார். அந்த நிலையிலும் உதட்டோரம் ஒரு சிரிப்பு.

“இன்னாபா, தொண்ட கட்டிக்கிச்சா? நாளைக்கு எனக்குப் பாடணுமே நீ.”

பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

மறுநாள் நான்கு மணிக்கு அடக்கம். தவக்காலம் என்பதால் ஹார்மோனியம் பூட்டியிருந்தது. சுருதி நான் கொடுத்தேன்.