டாக்டர் மெஹருன்னிசா விட்டுவைத்தது

ஐப்பசி ஐந்து, புதன்கிழமை, காலை 6.40. போனில் மூன்று தவறிய அழைப்புகள், மூன்றும் டாக்டர் மெஹருன்னிசாவின் நர்ஸிடமிருந்து. திருப்பிக் கூப்பிட்டேன். "டாக்டரம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க சார். ஹார்ட் அட்டாக்."

பக்கத்தில் என் மனைவி பவானி எட்டு மாத வயிற்றோடு எழுந்து உட்கார்ந்தாள். அந்த வயிறு டாக்டர் விட்டுவைத்தது. அவரைத் தெரியாதவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான அறிமுகம் என்னிடம் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன், கல்யாணமான புதிதில், பவானியின் இடது சினைப்பையில் கட்டி. புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள். நான் பம்ப் செட் சர்வீஸ் இன்ஜினியர். எதுவும் சட்டென்று முடிய வேண்டும். ரிப்போர்ட்டோடு தனியாகப் போய் நின்றேன்.

"ஃபைலுக்கா ஆபரேஷன் பண்ணணும்? ஆளு எங்கப்பா?" என்றார் டாக்டர்.

மறுநாள் பவானியோடு என் அம்மாவும் வந்தார். உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார். "எல்லாத்தையும் எடுத்துடுங்கம்மா. எங்க தெருவுல பாதிப் பேருக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சு, நல்லாத்தான் இருக்காங்க."

"உங்களுக்கு எத்தன பசங்க?"

"மூணு."

"இவளுக்கு?"

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரிஸ்க் ஜாஸ்தியா, கம்மியா? அத மட்டும் சொல்லுங்க" என்றேன்.

"ஒரு மோட்டார் எரிஞ்சா பக்கத்து மோட்டாரையும் கழட்டிடுவியா?"

"மாட்டேன். ஆனா ஓட்டிப் பாப்பேன். லைன் பூரா செக் பண்ணுவேன்."

"அதத்தான் நானும் பண்ணப் போறேன். இந்தா, என் சீட்ல வந்து உக்காரு!"

நோய் ஆரம்பநிலையில், ஒரே பக்கத்தில், மூர்க்கமில்லாத வகையாக இருந்தால் கர்ப்பப்பையையும் மறு சினைப்பையையும் விட்டுவைக்கலாம். திரும்ப வரவே வராது என்று மட்டும் சொல்ல முடியாது என்றார். பிறகு என்னை விட்டுவிட்டுப் பவானியிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா."

"எனக்குக் கொழந்த வேணும். ஆனா அதுக்காக சாவ மாட்டேன்."

டாக்டர் மேசையைத் தட்டினார். "இது பேச்சு! பரவியிருந்தா எல்லாத்தையும் எடுத்துடுவேன். சம்மதமா?"

"சம்மதம்."

இடது சினைப்பையையும் குழாயையும் எடுத்தார். வயிற்றுக்குள் பல இடங்களிலிருந்து திசு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்தபோது நான் ஒரு கிணற்றடியில் மோட்டார் இறக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு பக்கத்தோட நின்னுடுச்சுப்பா! மத்த எடமெல்லாம் க்ளீன்!" என்று போனில் அவர் கத்தினார், நானும் கத்தினேன். கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்று நினைத்து நிலத்துக்காரர் ஓடிவந்தார்.

"அதான் சரியாயிடுச்சே, செக்கப் எதுக்கு?" என்று பின்னொரு நாள் கேட்டேன். "விட்டு வெச்சா பாத்துக்கணும். அதான் கண்டிஷன்" என்றார்.

இந்த வருடம் ஸ்கேன் அறையில் குழந்தையின் இதயத் துடிப்பு கேட்டபோது எங்களைவிட அதிகமாகக் குதித்தவர் அவர்தான். "கேளுப்பா, என்னா ஸ்பீடு பாரு!" மிச்சமிருக்கும் சினைப்பையை எடுத்துவிடுவதா என்று கேட்டதற்கு, "பெத்து எடுக்கட்டும், அப்புறம் பேசுவோம்" என்றார். அந்தப் பேச்சுக்கு அவர் இருக்க மாட்டார்.

நீங்கள் ஓய்வெடுங்கள் டாக்டர். இனி நான் செய்யப் போவது:

1. இன்று மாலை வேங்கிக்காலில் உங்கள் உடலைச் சுமக்கும் சந்தூக்குக்குத் தோள் கொடுப்பேன்.
2. பிரசவத் தேதி பௌர்ணமியை ஒட்டி வருகிறது. கிரிவலக் கூட்டத்துக்கு ரோட்டை அடைக்கும் முன்பே பவானியை ஆஸ்பத்திரியில் சேர்ப்பேன்.
3. குழந்தை பிறந்த பிறகும் ஒரு செக்கப்பைக்கூடத் தள்ளிப்போட மாட்டேன்.
4. அந்த இன்னொரு சினைப்பையை என்ன செய்வது என்று புது டாக்டர் கேட்கும்போது, பவானி பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.